டயாலிசிஸில் இருப்பவரின் வைரல் லோடு: அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம்?

"போன தடவை பன்னெண்டு லட்சம், இப்போ நாலு லட்சம்தான் சார், நல்லா குறைஞ்சிடுச்சில்ல?" என்று ரிப்போர்ட்டை நீட்டிக் கேட்கிறவர்கள் டயாலிசிஸ் யூனிட்டில் எப்போதும் உண்டு. கேட்பவர் முகத்தைப் பார்த்தால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் போலத்தான் இருக்கும். அவர் காட்டுவது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற எண். ஆனால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-க்கு இன்னும் மருந்தே ஆரம்பிக்காத ஒருவருக்கு 12 லட்சம் 4 லட்சம் ஆனதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது. ரத்தம் எடுத்த நேரம் மாறியிருக்கலாம், லேப் மாறியிருக்கலாம், வைரஸே தன் போக்கில் ஏறி இறங்கியிருக்கலாம். அடுத்த மாதம் அது 20 லட்சம் என்று வந்தால், இன்று சந்தோஷப்பட்ட அதே மனிதர் அன்று இரவு தூங்க மாட்டார். அதற்கும் அர்த்தம் கிடையாது.

நான் டாக்டர் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன். மிஷினில் போடுவது, எடுப்பது, லேபுக்கு ரத்தம் எடுத்து அனுப்புவது, வரும் ரிப்போர்ட்டை ஃபைலில் செருகுவது, இதுதான் என் பிழைப்பு. மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் சிறுநீரக மருத்துவரும் கல்லீரல் மருத்துவரும் சொல்வதுதான். ஆனாலும் இந்த வைரல் லோடு எண்ணைச் சுற்றி நடக்கும் குழப்பத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்: டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த எண் எவ்வளவு என்பது இரண்டாம் பட்சம். வைரஸ் இருக்கிறதா இல்லையா, அந்த ரத்தம் எப்போது எடுத்தது, இந்த இரண்டும்தான் முதலில் கேட்க வேண்டியவை.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கொஞ்சம் பார்ப்போம். இந்த வைரஸின் மரபுப்பொருள் ஆர்என்ஏ. ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்று பிசிஆர் முறையில் அளந்து, ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை ஐயு என்று ரிப்போர்ட்டில் போடுகிறார்கள். ஐயு என்பது எல்லா லேபுக்கும் பொதுவாக ஒத்துக்கொண்ட ஓர் அலகு, வைரஸை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்ட கணக்கு இல்லை. நாள்பட்ட தொற்று இருந்து மருந்து எடுக்காதவர்களுக்கு இது லட்சங்களில் ஆரம்பித்து கோடி வரைக்கும் போவது சாதாரணம். இவ்வளவு பெரிய எண்களை அப்படியே பார்த்தால் பயம்தான் வரும் என்பதாலோ என்னவோ, பக்கத்திலேயே 'லாக்' என்று இன்னொரு சின்ன எண்ணையும் போடுவார்கள். 1 லட்சம் என்றால் லாக் 5, 10 லட்சம் என்றால் 6, 1 கோடி என்றால் 7. டாக்டர்கள் பார்ப்பது இந்த எண்ணைத்தான். மேலே சொன்ன 12 லட்சம் லாக் கணக்கில் சுமார் 6.1, 4 லட்சம் 5.6. வித்தியாசம் வெறும் அரை. அந்த அரை லாக் அளவுக்கு, ஒரே ஆளுக்கு ஒன்றும் செய்யாமலேயே எண் கூடிக் குறையும். பரிசோதனை முறையின் ஏற்ற இறக்கத்திலேயே பாதி போய்விடும். ஒரு லாக், அதாவது பத்து மடங்கு மாறினால்தான் 'சரி, ஏதோ நடந்திருக்கிறது' என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு விஷயம், இதை நம்ப வைப்பதுதான் கஷ்டம். வைரல் லோடு அதிகம் என்றால் கல்லீரல் அதிகமாகக் கெட்டிருக்கிறது என்று பொருள் இல்லை. 80 லட்சம் இருப்பவரின் கல்லீரல் ஓரளவு நன்றாகவே இருக்கலாம், 50 ஆயிரம் இருப்பவருக்கு கல்லீரல் முழுக்கத் தழும்பாகிவிடும் சிரோசிஸ் வரை போயிருக்கலாம். கல்லீரல் எவ்வளவு தழும்பாகியிருக்கிறது என்பதைப் பார்க்க ஃபைப்ரோஸ்கேன் போன்ற தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன, அதை இந்த எண்ணில் தேடக்கூடாது. டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்றும் உண்டு. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ஏஎல்டி அளவு இவர்களுக்குப் பொதுவாகவே மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கும். வைட்டமின் பி6 குறைபாடு, உடம்பில் சேரும் நீர் என்று பல காரணம் சொல்கிறார்கள். அதனால் ஏஎல்டி நார்மல் என்று கோடு போட்ட எல்லைக்குள் வந்தாலும், அது இவருக்கு நார்மல்தானா என்பது கேள்விக்குறிதான். மாதாமாதம் ஏஎல்டி பார்க்கச் சொல்வதன் காரணமே, அந்த ஆளின் வழக்கமான அளவிலிருந்து திடீரென்று ஏறுகிறதா என்று கவனிப்பதற்காகத்தான். எப்போதும் 12, 14 என்று வந்துகொண்டிருந்தவருக்கு 38 வந்தால், லேப் தாளில் தடித்த எழுத்தில் வராது, ஆனால் கவனிக்கிற கண் அங்கே நிற்க வேண்டும்.

இப்போது சுவாரசியமான பகுதிக்கு வருகிறேன். டயாலிசிஸில் இருப்பவர்களின் ஹெபடைட்டிஸ் சி வைரல் லோடு, சிறுநீரகம் நன்றாக இருக்கும் நோயாளிகளைவிடக் குறைவாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. யோசித்துப் பார்த்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு நோய் எதிர்ப்பு சக்தி மந்தமாகத்தான் இருக்கும், வைரஸ் கொண்டாட்டமாகப் பெருக வேண்டும். ஆனால் நடப்பது அப்படி இல்லை. ஒரு டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்னும் முடிந்த பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்தால், முடியும்போது எண் இறங்கியிருப்பதைப் பல இடங்களில் கவனித்திருக்கிறார்கள். எல்லா ஆய்விலும் இல்லை, சிலவற்றில் மாற்றமே தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏன் இறங்குகிறது? உடனே மனதில் வருவது, வைரஸ் வடிகட்டப்பட்டு வெளியே போகிறது என்பதுதான். நோயாளிகள் மட்டுமில்லை, புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களும் இதையே சொல்வார்கள். அது நடக்க வாய்ப்பில்லை. வைரஸ் துகளின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டருக்கு மேல். ரத்தத்தை வடிகட்டும் டயலைசரின் சவ்வில் இருக்கும் துளைகளோ ஒரு சில நானோமீட்டர்தான். துளை பெரிதாக இருக்கும் ஹை-ஃப்ளக்ஸ் டயலைசரிலேயே ஆல்புமின் புரதம் பெரும்பாலும் உள்ளேயே நின்றுவிடுகிறது, அதைவிடப் பல மடங்கு பெரிய வைரஸ் எப்படித் தாண்டும்? சவ்வு கிழிந்தால் ஒழிய வழியில்லை. ஆனால் தாண்டாவிட்டாலும் ஒட்டிக்கொள்ளலாம். சவ்வின் உட்பரப்பில் வைரஸ் போய்ப் படிந்துவிடுகிறது, அதனால் ரத்தத்தில் குறைகிறது என்பது ஒரு விளக்கம். செயற்கையான பரப்பில் ரத்தம் உரசி ஓடும்போது வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா என்ற புரதத்தை உடம்பு கூடுதலாகச் சுரக்கிறது என்பது இன்னொன்று. இந்த இன்டர்ஃபெரானைத்தான் ஒரு காலத்தில் ஹெபடைட்டிஸ் சி-க்கு மருந்தாக ஊசியில் போட்டோம், அதே சரக்கு. ஹெபடோசைட் குரோத் ஃபாக்டர் என்று கல்லீரல் செல்களை வளர்க்கும் ஒரு புரதமும் டயாலிசிஸ் நடக்கும்போது ரத்தத்தில் ஏறுகிறது, அது கல்லீரலைக் கொஞ்சம் காப்பாற்றவும் செய்யலாம் என்கிறார்கள். இதில் எது எவ்வளவு பங்கு என்று சண்டை இன்னும் முடியவில்லை. என்னைக் கேட்டால், எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்துதான் இருக்கும்.

ஆனால் இறங்கினது நிலைக்குமா? நிலைக்காது. இந்த வைரஸின் வேகத்தைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். 1998-இல் வந்த ஒரு கணக்கீட்டு ஆய்வின்படி, தொற்று உள்ள ஒருவரின் உடம்பில் நாள் ஒன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் கோடி வைரஸ் துகள்கள் உற்பத்தியாகின்றன. ரத்தத்தில் இருக்கும் துகள்களில் பாதி மூன்று மணி நேரத்துக்குள் அழிந்துபோகிறது, அந்த இடத்தைப் புதியவை நிரப்புகின்றன. அதாவது நான்கு மணி நேரம் டயாலிசிஸ் ஓடுகிற அதே சமயத்தில் கல்லீரல் தொழிற்சாலையும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. சவ்வில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டால் என்ன, அடுத்த டயாலிசிஸுக்கு அவர் வருவதற்குள் பழைய அளவுக்கு ஏறிவிடும். அதனால் டயாலிசிஸே ஹெபடைட்டிஸ் சி-க்கு ஒரு வகை வைத்தியம் என்று யாராவது சொன்னால், நம்ப வேண்டாம்.

நடைமுறையில் இதனால் என்ன ஆகிறது என்றால், ரத்தம் எப்போது எடுக்கிறோம் என்பது பெரிய விஷயமாகிறது. டயாலிசிஸ் தொடங்கும் முன் எடுக்க வேண்டும். சிறுநீரக மருத்துவத்துக்கு உலக அளவில் நெறிமுறைகள் வகுக்கும் கேடிகோ அமைப்பும், 2018-இலும் 2022-இலும் வெளியிட்ட ஹெபடைட்டிஸ் சி வழிகாட்டியில் இதையேதான் சொல்கிறது: டயாலிசிஸ் வைரஸ் அளவைக் குறைக்கலாம், அதனால் முன்னாலேயே எடுங்கள். கேட்கச் சுலபம். நடைமுறையில் காலை ஷிஃப்டில் எல்லோரையும் ஒரே நேரத்தில் மிஷினில் போட வேண்டிய அவசரத்தில், 'சரி, முடிக்கும்போது எடுத்துக்கலாம்' என்று தள்ளிப் போடுவது நடக்கும். யூரியா பார்க்க எப்படியும் டயாலிசிஸ் முடிந்ததும் ஒரு சாம்பிள் எடுக்கத்தானே போகிறோம், அதோடு சேர்த்து எடுத்தால் என்ன என்று தோன்றும். வைரல் லோடுக்கு அது சரிப்படாது.

எப்படி எடுப்பது என்று கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை நோயாளியும் கூட இருப்பவரும் தெரிந்துவைத்திருந்தால் எங்களை ஒரு கேள்வி கேட்கலாம். டயாலிசிஸுக்கென்று கையில் செய்து வைத்த ரத்தக்குழாய் இணைப்பான ஃபிஸ்டுலாவில் முதல் ஊசியைப் போட்டு டேப் ஒட்டியதும், அந்த ஊசி ட்யூபில் சலைனோ ஹெபாரினோ எதுவும் போவதற்கு முன்னால், நேரடியாக ஒரு சிரிஞ்சில் ரத்தத்தை இழுத்துவிட வேண்டும். அதை ஊதா மூடி போட்ட ஈடிடிஏ ட்யூபில் விட்டு, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. பச்சை மூடி ட்யூப் கூடாது, அதில் இருப்பது ஹெபாரின். ரத்தம் உறையாமல் இருக்க நாங்கள் போடும் அதே ஹெபாரின் பிசிஆர் வேலையைத் தடுத்துவிடும், வைரஸ் இருந்தும் எண் குறைவாக வரலாம், வராமலே கூடப் போகலாம். கழுத்தில் கதீட்டர் இருப்பவர்களுக்கு இதில் இன்னும் கவனம் வேண்டும். கதீட்டரின் இரண்டு குழாய்களிலும் கெட்டியான ஹெபாரின் பூட்டி வைத்திருப்பார்கள், அதை முழுக்க இழுத்து அப்புறப்படுத்திவிட்டு அதற்குப் பிறகு வரும் ரத்தத்தைத்தான் லேபுக்கு அனுப்ப வேண்டும். எடுத்த ட்யூபை மேஜையில் மதியம் வரை கிடத்திவிட்டு அனுப்பினாலும் பிரச்சினைதான், சில மணி நேரத்துக்குள் லேப் அதைச் சுழற்றி பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும், ஆர்என்ஏ அவ்வளவு பலவீனமான பொருள். அதனால் இரண்டு ரிப்போர்ட்டுகளை ஒப்பிடும்போது எண்ணைப் பார்க்கும் முன், இரண்டும் ஒரே லேபா, இரண்டும் டயாலிசிஸுக்கு முன் எடுத்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒப்பிடவே வேண்டாம்.

வைரஸை எதிர்த்து உடம்பு உருவாக்கும் ஆன்டிபாடியைத் தேடும் பரிசோதனையைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. பெரும்பாலான யூனிட்டுகளில் வழக்கமாகப் பார்ப்பது அதைத்தான், மலிவு, சீக்கிரம் வரும். ஆனால் வைரஸ் உள்ளே போன பிறகு ஆன்டிபாடி உருவாக இரண்டு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஆர்என்ஏவோ ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். இடைப்பட்ட அந்த வாரங்களில் 'நெகட்டிவ்' என்ற முத்திரையோடு ஒருவர் எல்லோரோடும் படுத்து டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பார், ரத்தத்தில் லட்சக்கணக்கில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும். நோய் எதிர்ப்பு மந்தமாக இருக்கும் டயாலிசிஸ் நோயாளிகளில் சிலருக்கு ஆன்டிபாடி இன்னும் தாமதமாக வரலாம், வராமலும் போகலாம். அதனால்தான் டயாலிசிஸ் ஆரம்பிக்கும்போதும், வேறு யூனிட்டிலிருந்து மாறி வரும்போதும், பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறையும் பார்க்கச் சொல்கிறார்கள், நேராக ஆர்என்ஏ பார்க்கலாம், அல்லது ஆன்டிபாடி பார்த்துவிட்டு பாசிட்டிவ் என்றால் ஆர்என்ஏ பார்க்கலாம். ஒரு யூனிட்டில் புதிதாக ஒருவருக்குத் தொற்று வந்துவிட்டால் அது அவருடைய தனிப் பிரச்சினை இல்லை, அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் ஆர்என்ஏ பார்க்க வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இந்த வைரஸ் வந்த முக்கிய வழி ரத்தம் ஏற்றுவது. சோகைக்கு வேறு வழியில்லாமல் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றிய காலம் அது. 1989-ஐ டயாலிசிஸ் உலகத்தில் மறக்க முடியாத ஆண்டு என்பேன். ஹெபடைட்டிஸ் சி வைரஸை அடையாளம் கண்ட கட்டுரை வெளியானது அந்த ஆண்டில்தான், ரத்தம் ஏற்றும் தேவையையே பெரிதும் குறைத்த எரித்ரோபொயட்டின் ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டில்தான். வைரஸைக் கண்டறிந்த வேலைக்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020-இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்த வங்கிப் பரிசோதனைகள் வந்து அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிட்டது. இன்று ஒரு நோயாளிக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு புதிதாக ஹெபடைட்டிஸ் சி வந்தால், நாங்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது எங்கள் கைகளைத்தான்.

இங்கேதான் வைரல் லோடு எண் இன்னொரு விதத்தில் ஏமாற்றும். 'இவருக்குக் கம்மியாத்தானே இருக்கு, பரவாது' என்று ஒரு நினைப்பு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 10 லட்சம் என்றால், அந்த மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில், அதாவது கையுறையின் நுனியில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடிய ஒரு புள்ளியில், ஆயிரம் ஐயு இருக்கும். லோடு பத்து மடங்கு குறைந்தாலும் நூறு. காய்ந்த பிறகும் மேற்பரப்பில் இந்த வைரஸ் வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்க முடியும், 6 வாரம் வரைகூட. ஒருவருடைய மிஷினில் அலாரம் அடிக்க, அதே கையுறையோடு போய் அடுத்தவர் மிஷினின் பட்டனை அமுக்கி, அப்படியே திரும்பி இவருடைய ஊசியைச் சரிசெய்தால் போதும். பல பேருக்கு ஒரே ஹெபாரின் குப்பியிலிருந்து எடுப்பது, மருந்துத் தட்டைக் கட்டிலுக்குக் கட்டில் தள்ளிக்கொண்டு போவது, ரத்தம் ஓடும் மிஷின் ட்யூபின் அழுத்தம் பார்க்கும் இடத்தில் இருக்கும் சின்ன ஃபில்டர் ரத்தத்தில் நனைந்த பிறகும் உள்ளே இருக்கும் மிஷின் பாகத்தைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவரைப் போடுவது, இவைதான் விசாரணைகளில் திரும்பத் திரும்ப அகப்படும் வழிகள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ் நோயாளிகளுக்கென்று கடைசி மூலையில் இரண்டு மிஷின்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். பார்க்க ரொம்ப ஒழுங்காக இருக்கும். அதன் விளைவு என்ன தெரியுமா? மீதி மிஷின்களில் இருக்கும் எல்லோரும் 'சுத்தமானவர்கள்' என்ற நினைப்பு எங்களுக்கு வந்து, அந்தப் பக்கம் கையுறை மாற்றுவதில் ஒரு அலட்சியம் வந்துவிட்டது. மூலையில் இருந்தவர்களோ தீண்டத்தகாதவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்து கொடுக்கும் ஆள்கூடத் தள்ளி நின்று வைத்துவிட்டுப் போவார். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தனி அறை, தனி மிஷின் அவசியம்தான், அது வேறு கதை, அதன் வீரியம் வேறு. சி-க்குத் தனி மிஷின் வேண்டாம் என்பதே கேடிகோ பரிந்துரை. ஒவ்வொருவருக்கும் வைரஸ் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் ஒரே வழி, ஏனென்றால் அந்த இரண்டு மாத இடைவெளியில் யார் யார் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

சரி, மருந்துக்கு வருவோம். இன்டர்ஃபெரான் காலத்தைப் பார்த்தவர்களுக்கு இப்போதைய நிலைமை நம்ப முடியாததாக இருக்கும். வாரம் ஒரு ஊசி, காய்ச்சல், உடம்பு வலி, மனச்சோர்வு. கூடவே கொடுக்க வேண்டிய ரிபாவிரின் மாத்திரையோ சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது, டயாலிசிஸிலும் சரியாகப் போகாது, ரத்த சிவப்பணுக்களை உடைத்துவிடும். ஏற்கெனவே சோகையோடு இருப்பவருக்கு அதைக் கொடுப்பது என்றால் டாக்டருக்கே கை நடுங்கும். பாதியில் நிறுத்தியவர்கள்தான் நிறைய. அந்தக் காலத்தில் வைரல் லோடு எண்ணுக்கு உண்மையிலேயே மதிப்பு இருந்தது, 8 லட்சத்துக்கு மேலா கீழா என்று பார்த்து மருந்து பலிக்குமா என்று ஊகிப்பார்கள். இன்னும் பல பேர் எண்ணைப் பிடித்துத் தொங்குவதற்கு அந்தப் பழைய பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இப்போது நேரடியாக வைரஸைத் தாக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. டயாலிசிஸ் நோயாளிகளுக்கென்று முதலில் நம்பிக்கை கொடுத்தது எல்பாஸ்விர், கிராஸோபிரெவிர் இரண்டும் சேர்ந்த மாத்திரை, 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த வைரஸில் பல மரபணு வகைகள் உண்டு, அதில் வகை 1, 4 உள்ளவர்களுக்கு அது. அடுத்த ஆண்டே கிளெகாபிரெவிர், பிப்ரென்டாஸ்விர் வந்தது, எல்லா வகைக்கும் பொருந்தும். டயாலிசிஸில் இருப்பவர்களும் முற்றிய சிறுநீரக நோய் உள்ளவர்களுமாக 104 பேருக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 98 சதவீதம் பேருக்கு வைரஸ் போய்விட்டது. சோஃபோஸ்புவிர் விஷயத்தில்தான் ரொம்ப நாள் தயக்கம் இருந்தது, அது உடம்பில் மாறி உருவாகும் பொருள் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும், டயாலிசிஸ் நோயாளிக்கு அது தேங்குமே என்ற பயம். பயந்த அளவுக்குக் கெடுதல் இல்லை என்று பார்த்த பிறகு 2019-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அந்தத் தடையை எடுத்துவிட்டது. வெல்பாடாஸ்விரோடு சேர்த்து இன்று டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் கொடுக்கிறார்கள். டாக்டரிடம் உங்கள் முழு மாத்திரைப் பட்டியலையும் காட்டிவிடுங்கள், ஒன்றையும் விடாமல். அமிலத்துக்குப் போடும் பாண்டோபிரஸோல் வகை மாத்திரைகள் வெல்பாடாஸ்விர் உடம்பில் சேருவதைக் குறைக்கும், அமியோடரோன் எடுப்பவருக்கு சோஃபோஸ்புவிர் கொடுத்தால் இதயத் துடிப்பு அபாயகரமாக இறங்கலாம், காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமஸெபின் எல்லாம் இந்த மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். ஹெபடைட்டிஸ் பி முன்பு வந்துபோயிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும், சி போகும்போது அடங்கிக் கிடந்த பி தலைதூக்கிய சம்பவங்கள் உண்டு.

மருந்து ஆரம்பித்த பிறகு எண் இறங்கும் வேகத்தைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். லட்சங்களில் இருந்தது சில நாட்களிலேயே நூறுகளுக்கு வந்துவிடும். நாலாவது வாரத்தில் சிலருக்கு '15-க்குக் கீழ், ஆனால் கண்டறியப்பட்டது' என்று ஒரு குழப்பமான வரி வரும். அளவிட முடியாத அளவுக்குக் கொஞ்சமாக இருக்கிறது என்று அர்த்தம், மருந்து பலிக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்த வரியைப் பார்த்து மாத்திரையை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மருந்து நடுவில் வரும் எந்த எண்ணும் தீர்ப்பு இல்லை. கடைசி மாத்திரை போட்டு 12 வாரம் கழித்து, டயாலிசிஸுக்கு முன்னால் எடுத்த ரத்தத்தில் ஆர்என்ஏ இல்லை என்று வந்தால்தான் குணமானதாகக் கணக்கு. இந்த ஒரு ரத்தத்தை டயாலிசிஸ் முடிந்து எடுத்துவிடாதீர்கள் என்று எங்கள் ஆட்களிடம் நான் வாய் வலிக்கச் சொல்வேன்.

சிறுநீரக மாற்று அறுவைக்குக் காத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. மாற்று அறுவைக்குப் பிறகு எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுப்பதால், டயாலிசிஸில் தணிந்து இருந்த வைரல் லோடு பல மடங்கு ஏறும். அப்படியென்றால் முன்னாலேயே சிகிச்சை எடுத்துவிடுவதுதானே சரி என்று தோன்றும். உயிரோடு இருக்கும் உறவினர் தானம் தருகிறார், தேதி கிட்டத்தட்ட தெரியும் என்றால் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஹெபடைட்டிஸ் சி உள்ள இறந்தவரின் சிறுநீரகத்தையும் ஏற்கும் மையத்தில் பெயர் பதிந்திருந்தால், சிகிச்சையைத் தள்ளிப்போட்டு அந்தச் சிறுநீரகத்தை வாங்கிக்கொண்டு பிறகு இரண்டையும் சேர்த்துக் குணமாக்கலாம், காத்திருப்பு வெகுவாகக் குறையும். வைரஸே இல்லாதவர்களுக்குக்கூட அத்தகைய சிறுநீரகத்தைப் பொருத்தி, பின்னால் மாத்திரை கொடுத்துக் குணமாக்கிய ஆய்வுகள் 2017-இலிருந்து வந்துகொண்டிருக்கின்றன. கல்லீரல் எந்த நிலையில் இருக்கிறது, காத்திருக்கத் தெம்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது இது. வைரல் லோடு 4 லட்சமா 40 லட்சமா என்பது இந்த முடிவில் எங்குமே வராது.

குணமானவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி பெரும்பாலும் பாசிட்டிவாகவே நிற்கும். அது பழைய தழும்பு, பாதுகாப்பு இல்லை. இந்த வைரஸுக்குத் தடுப்பூசியும் கிடையாது, ஒரு முறை வந்து போனவருக்கு மறுபடியும் வரலாம், டயாலிசிஸ் தொடர்கிறவரை அந்த வாய்ப்பும் தொடரும். அதனால் உங்களுக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை ஆன்டிபாடி பார்ப்பதில் பயனே இல்லை, ஆர்என்ஏதான் பார்க்க வேண்டும். வேறு யூனிட்டுக்கு மாறும்போது புதிய இடத்தில் வழக்கப்படி ஆன்டிபாடி பார்த்து, பாசிட்டிவ் என்று ஃபைல் மேல் சிவப்பு மையில் எழுதிவிடுவார்கள். அதற்கு முன்னாலேயே சிகிச்சை முடிந்து 12 வாரம் கழித்து எடுத்த ரிப்போர்ட்டின் நகலை எடுத்துப் போய்க் கொடுத்து, ஆர்என்ஏ பாருங்கள் என்று கேளுங்கள். பழைய யூனிட்டில் கேட்டால் தருவார்கள். தரவில்லையென்றால் லேபிலேயே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.